அது எழுந்துக்கட்டும்

கம்ப்யூட்டரின் பொத்தானைக் கையால் அழுத்துகிற பழக்கம் அந்த வீட்டில் கிடையாது. பெட்டி மேஜைக்கு அடியில் இருந்தது. மனைவி போகிற போக்கில் கால் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்துவாள். உள்ளே காற்றாடி உறுமத் தொடங்கும். திரை மட்டும் கறுப்பாகவே கிடக்கும்.

அன்று காலையும் அப்படித்தான் அழுத்தினாள்.

"வாங்க, அது எழுந்துக்கட்டும். டீ ஆறுது."

"வாஷிங் மெஷின் வேலை மதியத்துக்குள்ள போயாகணும்மா," என்றார் அவர். "இது எப்ப எழுந்து, எப்ப சோம்பல் முறிச்சு..."

"நீங்க முறைச்சுப் பாத்துக்கிட்டே இருந்தா சீக்கிரம் எழுந்துக்குமா? அதுக்கும் கூச்சமா இருக்காதா? வாங்க."

சமையலறையின் பின்கதவு ஓரத்தில் இரண்டு முக்காலிகள் இருந்தன. ஒன்றில் அவர், ஒன்றில் அவள். அவர் தொழில் கையேடு மொழிபெயர்ப்பது. மிக்சி, அயர்ன் பாக்ஸ், தலைமுடி உலர்த்தி என்று உலகத்தில் எது பெட்டிக்குள் வந்தாலும், அதை எப்படிப் பிடிப்பது, எங்கே விரலை விடக்கூடாது என்று தமிழில் எழுதுகிறவர். அவள் இரண்டு தெரு தள்ளி, கம்ப்யூட்டர் உதிரிபாகங்கள் விற்கும் மொத்தக் கடையில் கொள்முதல் பார்க்கிறவள். தினமும் காலையில் பெரிய வியாபாரிகளுக்கு போன் போட்டு அன்றைய மெமரி விலையைக் கேட்டு, வாசல் பலகையில் சாக்பீஸால் எழுதுவது அவள் வேலை. கடையில் அவளுக்கு 'போர்டு அக்கா' என்று பெயர். அவருக்கு 'கையேட்டுக்காரர்'.

"நேத்து மறுபடி ஏறிடுச்சு," என்றாள் டீயை ஊதிக்கொண்டே.

"எது?"

"மெமரிதான். பக்கத்து வீட்டுக்காரி மாதிரி ஆயிடுச்சு அது. காலையில ஒரு முகம், சாயங்காலம் ஒரு முகம்."

"எவ்வளவு ஏறினா என்ன, எவ்வளவு இறங்கினா என்ன? நம்ம பெட்டி எழுந்துக்கற நேரம் மாறவா போகுது?"

அவள் சிரித்தாள். இதற்கு அவள் எப்போதும் இப்படித்தான் சிரிப்பாள். பதில் சொல்ல மாட்டாள். அவரும் அதற்கு மேல் பேச மாட்டார். அதற்கு ஒரு காரணம் இருந்தது, அது பிறகு.

டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். "மதியம் சாப்பாட்டைச் சூடு பண்ணிச் சாப்பிடுங்க. கையேடு வேணும்னா எழுதி வெச்சுட்டுப் போறேன்."

"போ போ, தெரியும்."

கடையில் விலையை எழுதி முடித்து, சாக்பீஸை வைத்துவிட்டு, தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அப்புறம் அவள் எழுந்துகொள்ளவில்லை.

சாப்பாடு அன்று சூடு செய்யப்படவில்லை.

*

அந்தப் பெட்டி எழுந்துகொள்ள எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று இத்தனை வருஷத்தில் அவர் கவனித்ததே இல்லை. அந்த நேரம் முழுக்க அவள் பேசிக்கொண்டிருப்பாள். விலை ஏறின கதை, இறங்கின கதை, முதலாளி விசிறி மாதிரி பில் புத்தகத்தை வீசிக்கொண்டு அலைகிற கதை. கதை முடிகிறபோது டீ முடியும். டீ முடிகிறபோது உள்ளே திரை வெளிச்சம் போடும்.

காரியங்கள் எல்லாம் முடிந்து, மகள் தன் ஊருக்குத் திரும்பிப் போன பிறகு, ஒரு காலையில் வேலையைத் தொடங்கலாம் என்று உட்கார்ந்தார். கால் கட்டைவிரலால் பொத்தானைத் தேடினார். அது எங்கே இருக்கிறது என்று அவர் காலுக்குத் தெரியவில்லை. குனிந்து கையால் அழுத்தினார். டீ போட்டார். பின்கதவு ஓரம் போய்ப் பார்த்தால் கையில் இரண்டு டம்ளர் இருந்தது.

இரண்டையும் அவரே குடித்தார். எதிர் முக்காலி பேசாமல் இருந்தது. உள்ளே போய்த் திரையைப் பார்த்தார். கறுப்புத் திரையில் வெள்ளை எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. உச்சிக்குப் போய், சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்து, மறுபடி ஏறத் தொடங்கின. மாடிப்படி மறந்துபோன கிழவன் மாதிரி மறுபடியும் முதலிலிருந்து.

மறுநாளும் அப்படி. அதற்கு மறுநாளும்.

நாள் முழுக்க இருக்கிற தனிமையை அவர் எப்படியோ சமாளித்துவிட்டார். சமைத்தார், துணி துவைத்தார், மழை வந்தால் ஜன்னல் சாத்தினார். இந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் சமாளிக்க முடியவில்லை. வேறு எந்த வேலையையும் வைத்து அதை நிரப்ப முடியவில்லை. அது அவள் அளவுக்கு வெட்டின நேரம்.

'இந்தப் பெட்டி சட்டென்று எழுந்துவிட வேண்டும். காத்திருக்கிற வேலையே இருக்கக்கூடாது.' அப்படி முடிவு செய்தார்.

*

மாடி வீட்டில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார். யார் வீட்டில் எது ரிப்பேர் ஆனாலும் படியிறங்கி வந்துவிடுவார். ரிப்பேர் செய்யத் தெரியாது, விளக்கத் தெரியும்.

"மெமரி பத்தலை," என்றார் எண்களைப் பார்த்துவிட்டு. "எளிய விஷயம். நாலு பேர் செய்யற வேலையை எட்டு பேர் செஞ்சா நேரம் பாதி ஆகுமா ஆகாதா?"

"ஆகும்."

"அவ்வளவுதான். தலைகீழ் விகிதம். மெமரியை ரெண்டு மடங்காக்கு, நேரம் பாதி. உங்க வீட்டுக்காரம்மா கடையிலேயே வாங்கிடுங்களேன்."

"அங்க வேண்டாம் சார்."

"ஏன்?"

"தூரம்."

"ரெண்டு தெரு தள்ளித்தானேய்யா இருக்கு?"

 மேலே 'காரணம் பிறகு' என்று விட்டது இதைத்தான்.

அவர்கள் கல்யாணம் ஆன புதிதில் மெமரி என்பது நகை மாதிரி. அவருடைய முதல் கம்ப்யூட்டருக்கு அவள் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து ஒரு மெமரி அட்டை வாங்கினாள். அதில் ஒரு தலைமுடி உலர்த்திக் கையேட்டைத் திறந்தால் படங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு ஒவ்வொன்றாக வரும். சில வருஷத்தில் அதே அட்டை ஒரு ஜோடி செருப்பு விலைக்கு வந்தது. அப்புறம் ஒரு வேளைச் சாப்பாட்டு விலை. அப்புறம் அதைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. இப்போது அது அவர்கள் வீட்டுச் சாவிக்கொத்தில் தொங்குகிறது. "உலகத்திலேயே விலை உசந்த சாவிக்கொத்து நம்மளதுதான்," என்பாள்.

அதிலிருந்து அவள் பாடம் படித்துக்கொண்டாள். பிறகு எதையும் அவசரப்பட்டு வாங்கியது கிடையாது. "இன்னும் இறங்கும்" என்பது அவள் வாயில் எப்போதும் இருக்கிற சொல். மெமரிக்குச் சொன்னாள், வெங்காயத்துக்குச் சொன்னாள், மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது தெர்மாமீட்டரைப் பார்த்தும் சொன்னாள். நாலு கடை ஏறி இறங்காமல், ஐந்தாவது கடைக்காரன் அழாமல், அவள் கைப்பையைத் திறந்ததில்லை.

அப்படிப்பட்டவள் வாங்கியதுதான் இந்தப் பெட்டி. பெரிய அலுவலகங்களில் வைக்கிற கனமான ரகம். வந்த புதிதில், இரண்டு மூன்று நாள், கண்ணை மூடித் திறப்பதற்குள் எழுந்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. டீயை மேஜைக்கே எடுத்துப்போய் வேலையில் உட்கார்ந்தார். அப்புறம் அவள், "உள்ள ஏதோ சத்தம் கேக்குதுங்க, கடையில காட்டிட்டு வரேன்," என்று தூக்கிப் போனாள். திரும்பி வந்ததிலிருந்து இந்த ஆமை நடைதான்.

"என்னம்மா இது, பழசு மாதிரியே ஆயிடுச்சு?" என்று ஒரே ஒரு முறை கேட்டார்.

அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "வேகம் எல்லாம் விளம்பரத்துலதாங்க," என்றாள்.

அன்றைக்கு அவருக்குப் புரிந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் முறையாக, ஒரே முறையாக, யாரோ அவளை ஏமாற்றிவிட்டார்கள். விலை பேசுவதில் ஊருக்கே வாத்தியாரம்மாவான அவளை! அதை அவளும் தெரிந்துகொண்டாள், சொல்ல வெட்கப்படுகிறாள். அவர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எடுத்தாலும் பெட்டியைக் குறை சொன்னாரே தவிர, வாங்கியதைச் சொன்னதில்லை. இத்தனை வருஷமும் தினம் காலையில் அந்த ஆமையோடு குடித்தனம் பண்ணினார், அவள் மனசு கோணக்கூடாதென்று.

இப்போது அந்தப் பெட்டியை அவள் கடைக்கே தூக்கிப்போய்ப் பிரித்துக் காட்டுவதா? "போர்டு அக்காவே ஏமாந்துட்டாங்களா!" என்று யாராவது ஒருத்தன் சொல்லிவிட்டால்? அவள் இல்லாத இடத்தில் அவளுக்காக வெட்கப்பட அவர் தயாராக இல்லை.

*

எனவே ஊரின் மறுகோடியில் இருந்த ஒரு கடைக்குப் போனார். விற்பனைப் பெண் ஒரு மெமரி அட்டையை எடுத்து வைத்து விலை சொன்னாள்.

"இன்னும் இறங்கும்," என்றார். சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டார். மனைவி குரல்தான் அவர் வாயில் வந்திருந்தது.

"இறங்காது சார். ஏறிக்கிட்டே இருக்கு. போன வாரம் வந்திருந்தா பாதி விலை. உங்களுக்கு யாரு சொன்னாங்க இறங்கும்னு?"

"எங்க வீட்ல."

"அவங்க பழைய காலத்துல இருக்காங்க சார்."

அவர் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்தார். வரும் வழியெல்லாம் யாரோ பின்னால் நடந்து வந்து திட்டுவது போலவே இருந்தது.

கணக்கு வாத்தியார் விளக்க, அவர் மாட்டினார். பொத்தானை அழுத்தினார்கள். எண்கள் ஏறின. பழைய உச்சிக்கு வந்தன. நிற்கவில்லை. அதையும் தாண்டி அதே அளவு ஏறி, அப்புறம் பூஜ்யத்துக்கு விழுந்தன.

வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நேரம் ரெண்டு மடங்காயிடுச்சே."

"பாதியாகும்னீங்க."

"அப்ப இது நேர் விகிதம்," என்று அறிவித்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

மகளிடம் போனில் சொன்னார்.

"அப்பா, நீங்க வாங்கினது மெதுவான ரகமா இருக்கும். வேகத்துக்குத் தக்க ரகம் ரகமா இருக்குப்பா. அம்மா இருந்தா சொல்லியிருப்பா. நான் நல்லதா ஒண்ணு அனுப்பறேன்."

"வேண்டாம்மா, உனக்கு எதுக்குச் சிரமம்?"

"அப்ப அம்மா கடைக்கே எடுத்துட்டுப் போங்க."

"அனுப்பிடு."

கூரியரில் வந்தது. பளபளப்பாக, முதுகில் அலுமினியத் தகடு போட்டுக்கொண்டு, பந்தயத்துக்குப் போகிற மாதிரி இருந்தது. அதையும் மாட்டினார். எண்கள் முன்னைவிட நீளமாக ஏறின. அவர் டீ குடித்து, டம்ளர் கழுவி, சவரம் செய்து, துணி காயப்போட்டுவிட்டு வந்து பார்த்தார். இரண்டாவது சுற்று ஓடிக்கொண்டிருந்தது.

"பழசை எடுக்கலையாப்பா?" என்றாள் மகள்.

"இல்லையே. எதுக்கு?"

"ஐயோ. வேகமானதையும் மெதுவானதையும் பக்கத்துல பக்கத்துல போட்டா, ரெண்டும் மெதுவானதோட வேகத்துலதான் ஓடும். அதுதான் அதோட வழக்கம்."

அவருக்கு மனைவியின் நடை ஞாபகம் வந்தது. அவள் நடந்தால் காற்று வேகம். அவர் நடந்தால் வழியில் இருக்கிற பெயர்ப்பலகை எல்லாவற்றிலும் எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டு வருவார். கல்யாணம் ஆன முதல் வாரத்தில் அவள் ஒரு முறை தெருக்கோடி வரை போய்த் திரும்பிப் பார்த்தாள். அதற்கப்புறம் அவள் அவரைவிட வேகமாக நடந்து அவர் பார்த்ததில்லை.

"அப்பா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்மா. பழசை எடுத்துடறேன்."

எடுத்தார். தான் வாங்கினதை மேஜையில் போட்டார்; மற்றது மனைவி வாங்கிப் போட்ட மெமரி. தூக்கிப்போட மனசு வராமல் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மகள் இன்னொரு பந்தயக் குதிரையை அனுப்பினாள். இரண்டு குதிரைகளையும் பூட்டி, பொத்தானை அழுத்தினார்.

எண்கள் ஏறின, ஏறின, ஏறிக்கொண்டே இருந்தன. கணக்கு வாத்தியார் செய்தித்தாளோடு கீழே வந்து, அதை முழுக்கப் படித்து, "வேற பேப்பர் இருக்கா?" என்று கேட்டார்.

*

இதற்கிடையில் வாஷிங் மெஷின்காரர்கள் போன் செய்தார்கள். கையேட்டைச் சரிபார்க்கிற அம்மாள் பேசினார்.

"சார், ஒரு சின்ன சந்தேகம். 'இயந்திரம் தயாராகும்வரை காத்திருக்கவும்'னு எப்பவும் எழுதுவீங்க இல்லையா?"

"ஆமாம்."

"இந்தத் தடவை, 'காத்திருப்பது கடினமாக இருந்தால், பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருக்கவும்'னு எழுதியிருக்கீங்க."

"அப்படியா இருக்கு?"

"அடுத்த பக்கத்துல, 'எச்சரிக்கை: இரண்டு டம்ளர் எடுக்க வேண்டாம்'னு இருக்கு. இது வாஷிங் மெஷின் சார். டம்ளர் எங்க வருது?"

 "மாத்தித் தரேம்மா. மன்னிச்சுக்குங்க."

அந்த அம்மாள் உடனே வைக்கவில்லை. "டம்ளரை எடுத்துடலாம் சார். முதல்ல சொன்னதை வேணும்னா விட்டுடலாமா? எங்க ஆபீஸ்ல படிச்ச எல்லாருக்கும் அது பிடிச்சிருந்தது," என்றார்.

போனை வைத்துவிட்டு அவர் அந்தப் பெட்டியைப் பார்த்தார். முன்பு ஒரு டீ நேரம் தனியாக உட்கார்ந்திருந்தார். இப்போது அரைக் காலை தனியாக உட்கார்ந்திருக்கிறார். இப்படியே போனால் தொழிலும் போய்விடும்.

"சரிம்மா," என்று எதிர் முக்காலியிடம் சொன்னார். "உன் பேரைக் காப்பாத்திடறேன். பழி என் தலையில போகட்டும்."

பெட்டியைத் துண்டில் சுற்றி, குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு இரண்டு தெரு நடந்தார்.

*

கடை வாசலில் பலகை இருந்தது. அவள் கையெழுத்தில் மெமரி விலை. அவள் கடைசியாக எழுதினது. யாரும் அழிக்கவில்லை. அதற்குக் கீழே முதலாளி இன்னொரு சின்னப் பலகை மாட்டியிருந்தார்: 'மேலே உள்ளது விலை அல்ல.'

அதற்கும் கீழே, கோணல்மாணலாக, இன்றைய விலை.

"தினம் சண்டை சார்," என்றார் முதலாளி அவரை உள்ளே அழைத்துக்கொண்டே. "மேல இருக்கிற விலைக்குக் கொடுங்கன்னு ஒவ்வொருத்தரும் கேக்கறாங்க. அழிச்சுடலாம்னு துணியை எடுத்துக்கிட்டுப் போவேன். திரும்பி வந்துடுவேன். உக்காருங்க."

உள்ளே மெக்கானிக் இருந்தார். கழற்றின திருகாணிகளை உதட்டில் கவ்விக்கொண்டுதான் எப்போதும் வேலை செய்வார். அதனால் அந்தக் கடையில் அவர் பேசிக் கேட்டவர்கள் குறைவு. பெட்டியின் மூடியைத் திறந்தார். உள்ளே பார்த்தார். நிமிர்ந்து அவரைப் பார்த்தார். மறுபடி உள்ளே பார்த்தார்.

கையேட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வசனம்.

"இது... நான் வாங்கினது. அவ அப்பவே வேண்டாம்னா. நான்தான் கேக்கலை. கடைக்காரன் நல்லா என் தலையில கட்டிட்டான். அவளுக்கு இதுல சம்பந்தமே இல்ல."

"எந்தக் கடைக்காரர் சார்?" என்றார் முதலாளி.

"அது... ஞாபகமில்லை. வேற ஊர்."

"பின்னாடி நம்ம கடை ஸ்டிக்கர்தானே இருக்கு?"

அவர் துண்டை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"ஏமாந்தது நான்தான்," என்றார் மெல்ல. "அவளை யாரும் ஒண்ணும் சொல்லக்கூடாது."

மெக்கானிக் உதட்டிலிருந்த திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தார். நீளமாகப் பேசப் போகிறார் என்று தெரிந்ததும் முதலாளியே ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டார்.

"சார், இந்தப் பெட்டி மெதுவே இல்ல. எழுப்பினதும், உள்ள இருக்கிற மெமரி மொத்தமும் நல்லா இருக்கான்னு முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் சோதிச்சுப் பாத்துட்டு, அப்புறம் வேலைக்கு வர்ற மாதிரி ஒரு செட்டிங் இருக்கு. திரும்பத் திரும்பப் பாக்கும். பெரிய ஆபீஸுக்குத்தான் அது வேணும். வீட்டுக்குத் தேவையே இல்ல. நீங்க மெமரி போடப்போட, அது சோதிக்க வேண்டியதும் கூடிக்கிட்டே போச்சு."

"நேர் விகிதம்," என்றார் அவர் தன்னை அறியாமல்.

"என்னது சார்?"

"ஒண்ணுமில்ல. அந்த செட்டிங்கை யார் போட்டது?"

மெக்கானிக் முதலாளியைப் பார்த்தார். முதலாளி மின்விசிறியைப் பார்த்தார்.

"நான்தான் சார். அக்கா போடச் சொன்னாங்க."

"அவளா?"

"வாங்கின மூணாவது நாள் தூக்கிட்டு வந்தாங்க. 'தம்பி, இது ரொம்பச் சீக்கிரம் எழுந்துக்குது'ன்னாங்க. நான் சிரிச்சேன். 'அதுல என்னக்கா குறை'ன்னேன். 'மனுஷன் டீயைத் தூக்கிக்கிட்டு மேஜைக்கே போயிடறார்டா. நான் யார்கிட்ட பேசறது? பழைய மாதிரியே மெதுவாக்கிக் குடு'ன்னாங்க."

அவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். 

"எனக்கு பயம் சார். 'அக்கா, இதை எப்படி நிறுத்தறதுன்னு கையேட்டுல தெளிவாப் போட்டிருக்கு, சார் பாத்துடுவாரே'ன்னேன். 'அவரா? ஊருக்குத்தான் எழுதுவார். நம்ம வீட்டுக் கையேட்டை ஒரு நாள் பிரிச்சதில்ல'ன்னாங்க."

முதலில் அது இருமல் மாதிரிதான் இருந்தது. முதலாளி தண்ணீர் எடுக்க எழுந்தார். அப்புறம்தான் அது சிரிப்பு என்று தெரிந்தது. துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்க, ரொம்ப நேரம் சிரித்தார். துண்டை எடுத்தபோது அது நனைந்திருந்தது. அதை யாரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இத்தனை வருஷம் தினம் காலையில் அவளுக்காகப் பொறுத்துக்கொண்டதாக அவர் நினைத்திருந்தார். அவள் முகம் ஒரு மாதிரி ஆனது வெட்கத்தால் என்று நினைத்திருந்தார். சிரிப்பை அடக்கியிருக்கிறாள், கள்ளி.

"ஒரு பட்டன் தட்டினாப் போதும் சார்," என்றார் மெக்கானிக். "கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வந்துடும். எடுத்துடவா?"

அதற்குத்தான் அவர் வந்திருந்தார்.

"வேண்டாம்," என்றார். "அதைத் தொடாதீங்க. நான் போட்டதை எல்லாம் எடுத்துட்டு, பழசை மட்டும் போடுங்க."

"பழசு எங்க சார்?"

சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார்.

மெக்கானிக் அதை மாட்டி, பொத்தானை அழுத்தினார். காற்றாடி உறுமியது. கறுப்புத் திரையில் எண்கள் ஏறத் தொடங்கின. யாரும் கேட்காமலே முதலாளி பிளாஸ்கைத் திறந்து ஒரு டம்ளர் டீ ஊற்றி அவர் முன் வைத்தார்.

அவர் எண்களைப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் ஒரு நாற்காலி இருந்தது. அது யாருடையது என்று கேட்கவும் இல்லை. டீயை ஊதிக்கொண்டு, பந்தயக் குதிரையில் தொடங்கி வாஷிங் மெஷின் அம்மாள் வரை நடந்ததை எல்லாம் சொன்னார். 'எச்சரிக்கை: இரண்டு டம்ளர் எடுக்க வேண்டாம்' என்ற இடத்தில் முதலாளி சிரித்துச் சிரித்துப் பில் புத்தகத்தைக் கீழே போட்டார். இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசி எத்தனை நாளாகிறது என்று அவருக்கே நினைவில்லை. கதை முடிந்தது. கடைசி மடக்கைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்தார்.

திரை வெளிச்சம் போட்டது.

அவர் டம்ளரைப் பார்த்தார். திரையைப் பார்த்தார்.

"இது எப்படிய்யா இவ்வளவு சரியா வருது?"

"வராம எப்படி சார்?" என்றார் மெக்கானிக், திருகாணிகளைப் பொறுக்கிக்கொண்டே. "அன்னிக்கு அக்கா இதே மேஜையில ஒரு டம்ளர் டீயை வெச்சுக்கிட்டு, கடையில இருந்த மெமரியை எல்லாம் ஒண்ணொண்ணா மாட்டச் சொன்னாங்க. ஒண்ணு போட்டா டீ வாய் சுடும்போதே வந்துடுச்சு. இன்னொண்ணு போட்டா ஆறி ஆடை கட்டிடுச்சு. எத்தனை டீ வாங்கிட்டு வந்தோம்னு கணக்கே இல்ல. இதைப் போட்டப்பதான், 'இதான் தம்பி, இதான்'னு எழுந்தாங்க. அக்கா விலை கேக்காம வாங்கின மெமரி, இது ஒண்ணுதான் சார்."

வாசல் பலகையில் அவள் எழுதிய விலை அப்படியே இருந்தது.